பாரசீகத்திலிருந்து வந்த கடிதத்தில் இந்தியத் தபால் தலை எப்படி? (வலங்கைமான் பக்கம், தகரப் பெட்டியில் கிடைத்தது)

குடமுருட்டிக்கரை (கேள்வி)

வணக்கம். பழைய தபால் பற்றியோ அந்தக் கால வரலாறு பற்றியோ தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

போன மாதம் ஊரில் எங்கள் பழைய வீட்டுப் பரணை ஒழித்தோம். பித்தளை அண்டா, ஓட்டை மரக்கால், அப்புறம் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் மஞ்சள் துணியில் சுற்றி ஒரு கிரயப் பத்திரம் (மூன்று மா நன்செய், கொள்ளுத் தாத்தா பெயரில்), அதன் மடிப்புக்குள் ஒரு கடிதம். எழுதியவர் கொள்ளுத் தாத்தாதான். ரங்கோனுக்குப் போனார் என்றுதான் வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் உறையில் இருக்கும் முத்திரையில் ஆங்கிலத்தில் 'மொஹம்மரா' என்று இருக்கிறது. தேடிப் பார்த்தால் அது பாரசீகத்தில், இன்றைய ஈரானில் இருக்கிற ஊர். இப்போது அதன் பெயர் குர்ரம்ஷஹர்.

முத்திரையில் நாளும் வருடமும் மை பரவி அழிந்துவிட்டன. தலை சிவப்பு நிறம், ஓரணா, கிரீடம் வைத்த ஐந்தாம் ஜார்ஜ் படம். கீழே தெளிவாக 'இந்தியா'. பாரசீகத்தில் ஷா ஆட்சிதானே? அந்த நாட்டில் எப்படி நம் ஊர்த் தலையை ஒட்டித் தபால் போட முடிந்தது? இங்கிருந்து கொண்டுபோன தலையை ஒட்டினாரா, அதை அவர்களும் ஏற்றுக்கொண்டார்களா?

கடிதத்தின் தலைப்பில் 'ரௌத்திரி வருஷம் தை மாதம்' என்று இருக்கிறது. 'இவ்விடம் உபயக்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுத வேண்டியது' என்று தொடங்குகிறார். மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை, ஆகையால் படிக்கத் தடுமாற்றமாக இருக்கிறது. எனக்குப் புரிந்த வரை:

ஆபத்தான எண்ணெய்க் கிடங்கில் வேலை (அவர் எழுத்தில் 'ஆபதான'). ரங்கோன் ஆட்கள் நாலு பேர் ஒரே கொட்டகையில். மார்கழியில் சீக்கியர்கள் வேலைக்குப் போகவில்லை, நாங்களும் போகவில்லை, துரை கூலியை ஏற்றிக் கொடுத்தார். மணியார்டர் 40 ரூபாய் அனுப்பியிருக்கிறேன், வந்து சேர்ந்ததும் எழுதவும். கண்டுமுதல் (அறுவடையில் கிடைத்த நெல்) எவ்வளவு? அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

கும்பகோணத்தில் ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். தலையை மட்டும் வெட்டிக் கொடுத்தால் 200 ரூபாய் என்றார், உறை வேண்டாமாம். கொடுக்கவில்லை. லேமினேட் செய்து வைக்கலாம் என்று இருக்கிறேன்.

---

ஓய்வுபெற்ற தபால்காரன்

தம்பி, லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அந்தச் சூட்டில் பழைய மை பழுத்துவிடும், அப்புறம் பிளாஸ்டிக்கைப் பிரிக்கவே முடியாது. ஒரு நல்ல காகித உறைக்குள் வைத்து, நோட்டுப் புத்தகத்துக்கு நடுவில் தட்டையாக வைத்துவிடுங்கள், போதும். தலையை வெட்டச் சொன்னவருக்கு அந்த உறையின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிந்திருக்கிறது. ஓரணாச் சிவப்பு ஜார்ஜ் தலை கோடிக்கணக்கில் அச்சடித்தது, எங்கும் கிடைக்கும். மொஹம்மரா முத்திரையோடு, உறையோடு, உள்ளே கடிதத்தோடு கிடைப்பதுதான் அபூர்வம்.

நான் முப்பத்தெட்டு வருடம் தபால் துறையில் இருந்தவன். ஆரம்பத்தில் மாயவரத்தில் ரயில்வே மெயில் சார்ட்டிங், கடைசியில் ஒரு சப் ஆபீசில் போஸ்ட்மாஸ்டர். தலை சேர்ப்பதை விட முத்திரை சேர்ப்பதில்தான் எனக்குப் பைத்தியம் அதிகம்.

முதலில் வருடம். ரௌத்திரி என்றால் 1920 சித்திரை முதல் 1921 பங்குனி வரை. தை மாதம் என்கிறார், ஆக 1921 ஜனவரி, பிப்ரவரி. உங்கள் தலையும் அதற்குச் சாட்சி. ஓரணா சிவப்பாக இருந்தது 1922 வரைக்கும்தான், அப்புறம் பழுப்பு நிறத்துக்கு மாற்றிவிட்டார்கள். உறையின் பின்பக்கம் பார்த்தீர்களா? அந்தக் காலத்தில் வந்து சேர்ந்த ஊரிலும் ஒரு முத்திரை குத்துவோம். வலங்கைமானோ கும்பகோணமோ இருக்கும். வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், மை போயிருந்தாலும் பள்ளம் தெரியும்.

அப்புறம் அந்த 'ஆபதான'. அது ஆபத்து இல்லை தம்பி, ஊர்ப் பெயர். ஆபதான். மொஹம்மராவுக்குப் பக்கத்தில் ஷத்-அல்-அரப் ஆற்றங்கரையில் இருக்கிற தீவு. ஆங்கிலோ-பர்ஷியன் எண்ணெய்க் கம்பெனி அங்கேதான் சுத்திகரிப்பு ஆலை கட்டியது, 1912ல் ஓடத் தொடங்கியது. 'ஆபதான் எண்ணெய்க் கிடங்கில் வேலை' என்று எழுதியிருக்கிறார். (ஆபத்தான வேலைதான், அது வேறு விஷயம்.)

ரங்கோன் கதையும் பொய் இல்லை. அந்தக் கம்பெனியைப் பெற்ற தாய் பர்மா ஆயில் கம்பெனி. ரங்கோனுக்கு எதிர்க்கரையில் சிரியத்தில் அவர்களுக்கு எண்ணெய் ஆலை இருந்தது. ஆபதானில் கொதிகலன், குழாய், பிட்டர் வேலை தெரிந்த ஆள் கிடைக்காமல், சிரியத்தில் பழகிய இந்தியர்களைக் கொண்டுபோனார்கள். நம் ஜில்லாவிலிருந்து பர்மாவுக்குக் கப்பலேறியவர்களில் சிலர் அப்படித்தான் இரண்டாவது கடலையும் தாண்டினார்கள். வீட்டில் சொன்னது 'ரங்கோன்' என்ற முதல் பாதி, இரண்டாம் பாதி பெட்டிக்குள் இருந்திருக்கிறது.

இனி உங்கள் கேள்வி. அவர் தலையை இங்கிருந்து மடியில் முடிந்துகொண்டு போகவில்லை. மொஹம்மராவிலேயே இந்தியத் தபால் ஆபீஸ் இருந்தது! 1892 முதல். புஷைரில் அதற்கும் முந்தியே, 1864ல் திறந்தாகிவிட்டது. பந்தர் அப்பாஸ், லிங்கா, ஜாஸ்க் என்று பாரசீகக் கரை நெடுகிலும், எதிர்க்கரையில் மஸ்கட், பஹ்ரைன், பின்னால் துபாய் வரை, எல்லாம் நம் துறைதான். அதே தராசு, அதே அரக்கு, அதே தபால் பை, அதே மணியார்டர் பாரம். கவுண்டரில் இருந்தவர் சம்பளம் வாங்கியது இந்திய அரசிடம். புஷைரில் உட்கார்ந்து ஒருவன் குத்திய முத்திரைக்கும் நான் மாயவரத்தில் குத்திய முத்திரைக்கும் தாய்வீடு ஒன்று. பாரசீக அரசுக்கும் சொந்தமாகத் தபால் துறையும் தலையும் இருந்தன, இது அதற்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொரு கடை.

உறை எப்படி வந்திருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், எனக்கு இதைச் சொல்வதில் ஒரு சுகம். மொஹம்மராவில் பை கட்டி அரக்கு வைப்பார்கள். பஸ்ராவிலிருந்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் மெயில் கப்பல் வரும். அரசாங்க மானியம் வாங்கிக்கொண்டு 1862 முதல் அந்தத் தடத்தில் ஓடியது அது. வளைகுடாவில் ஒவ்வொரு துறையிலும் நின்று நின்று கராச்சி, பம்பாய். அங்கிருந்து ரயிலில் மெட்ராஸ், அப்புறம் போட் மெயில் தடத்தில் கும்பகோணம். அதன் பிறகு வலங்கைமானுக்கு மாட்டு வண்டியோ, பையைத் தோளில் போட்ட ரன்னரோ. அந்த ரன்னர் கையில் மணி கட்டிய ஈட்டி இருக்கும். கடிதம் எழுதிய மை காய்ந்து ஒரு மாதம் ஆகியிருக்கும்.

இது தபால் ஆபீசோடு நிற்கவில்லை. வளைகுடா முழுவதையும் பார்த்துக்கொண்ட பெரிய அதிகாரிக்கு 'ரெசிடெண்ட்' என்று பெயர், இருப்பிடம் புஷைர். கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே கடை போட்டது 1763ல். 1873 வரை அவர் பம்பாய் கவர்னருக்குக் கீழ், அதன்பிறகு நேராக இந்திய அரசின் வெளியுறவு இலாகாவுக்குக் கீழ். லண்டனுக்கு நேரடியாகப் பதில் சொல்பவர் அல்ல, கல்கத்தாவுக்கும், கோடையில் சிம்லாவுக்கும். தஞ்சாவூர் கலெக்டர் மெட்ராசுக்கு எழுதுவது போல அவர் சிம்லாவுக்கு எழுதினார். இந்தியத் தந்தி இலாகா 1864ல் கராச்சியிலிருந்து குவாதர், முஸந்தம், புஷைர் வழியாக ஃபாவோ (ஷத்-அல்-அரப் கடலில் சேரும் இடம்) வரைக்கும் கடலுக்கடியில் கம்பி போட்டது. லண்டனுக்கும் இந்தியாவுக்கும் சேதி போக வர அந்தக் கம்பிதான் உயிர்நாடி. அதைக் காக்கத்தான் பாதிக் காவலும். எதிர்க்கரையில் செலாவணி நம் ரூபாய்.

ஆகையால் உங்கள் கொள்ளுத் தாத்தா வெளிநாட்டிலிருந்து தபால் போட்டதாக நினைக்காதீர்கள். நம்ம தபால் ஆபீஸ் இருக்கிற ஊர் என்ன வெளிநாடு? வலங்கைமானிலிருந்து மன்னார்குடிக்கு எழுதுவது மாதிரி எழுதியிருக்கிறார்.

மார்கழியில் வேலைக்குப் போகவில்லை என்கிறாரே, அதுவும் வரலாற்றில் இருக்கிறது. 1920 டிசம்பரில் ஆபதானில் இந்தியத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலியை ஏற்ற வைத்தார்கள். 1922ல் மறுபடி சீக்கியர்கள் முன்னின்று நிறுத்தினார்கள், அந்த முறை கம்பெனி கூலியை ஏற்றவில்லை, ஆட்களைக் கப்பலில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டது. உங்கள் தாத்தா எப்போது ஊர் திரும்பினார் என்று கிரயப் பத்திரத்தின் தேதியைப் பாருங்கள்.

---

கூத்தாநல்லூர் பாய்

போஸ்ட்மாஸ்டர் ஐயா எழுதியதைப் படித்துக்கொண்டே டீயை ஆறவிட்டுவிட்டேன்.

நான் பஹ்ரைனில் ஜுஃபைரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். புஷைர் ரெசிடெண்ட் ஆபீஸ் 1946ல் பாரசீகக் கரையை விட்டுக் கிளம்பி வந்து உட்கார்ந்தது இந்த ஊரில்தான். கடற்படைக்காரர்கள் அதற்கும் முன்னாடியே வந்துவிட்டார்கள். ஹெங்காம் என்று ஒரு பாரசீகத் தீவில் கரி போட்டு வைத்திருந்தார்கள். பாரசீக மன்னர் ரிஸா ஷா காலத்தில் அங்கே நெருக்கடி வந்ததும் 1935ல் ஜுஃபைருக்கு மாறிக்கொண்டார்கள். 1971ல் வெள்ளைக்காரன் போனான், அமெரிக்கன் வந்தான், சுற்றுச்சுவர் இன்னும் உயரமானது, அவ்வளவுதான். எங்கள் பில்டிங் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் கொடிக்கம்பம் தெரியும். கீழே தெருவில் புரோட்டாக் கடை.

ரூபாய் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் நன்னா (தாத்தா) 1950களின் கடைசியில் மனாமாவில் ஒரு துணிக்கடையில் இருந்தார். அப்போது இந்தியாவுக்குச் சுதந்திரம் கிடைத்துப் பன்னிரண்டு வருடம், ஆனால் பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லாம் நம் ரூபாயில்தான் அரிசி வாங்கின. அந்த ரூபாயைக் கட்டுக் கட்டாகக் கொடுத்துத் தங்கத்தைக் கடத்தி பம்பாய்க்குக் கொண்டுவந்தார்கள். இந்திய அரசின் அந்நியச் செலாவணி ஓட்டையாக ஒழுகியது. அதற்காக 1959ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி நோட்டு அடித்தது. அச்சு அதேதான், நிறம் வேறு, எண்ணுக்கு முன்னால் 'இசட்' என்ற எழுத்து. வளைகுடாவில் செல்லும், இந்தியாவுக்குள் செல்லாது.

இந்தச் சட்டமெல்லாம் எங்கள் நன்னாவுக்கு யார் சொன்னார்கள்? ஊருக்கு வரும்போது பனியனுக்குள் வைத்துத் தைத்து ஒரு நூறு ரூபாய் இசட் நோட்டைக் கொண்டுவந்துவிட்டார். அத்தாவுக்குச் சுன்னத்துக் கல்யாணம், துணி எடுக்க திருவாரூருக்குப் போயிருக்கிறார்கள். கடைக்காரர் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, 'என்ன பாய், ஜோடா அடிச்சுக் கொண்டாந்துட்டீங்களா' என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார். ரிசர்வ் வங்கி என்று இந்தியில் வேறு எழுதியிருக்கிறது, எப்படி ஐயா கள்ள நோட்டு ஆகும் என்று நன்னா நின்று சண்டை போட்டிருக்கிறார். அந்த நோட்டு இன்றும் எங்கள் வீட்டுக் குர்ஆன் அலமாரியில் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. இப்போது அதன் மதிப்பைக் கேட்டால் நன்னா மௌத்தான இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுவார்.

1966 ஜூன் 6ல் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்ததும் அந்தக் கணக்கு முடிந்தது. குவைத் 1961லேயே தினாருக்குப் போய்விட்டது, பஹ்ரைன் 1965ல். மற்றவர்கள் அந்த ஜூன் மாதம் பதறிக்கொண்டு மாற்றினார்கள். ஓமான் மட்டும் 1970 வரை இசட் நோட்டை வைத்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. பஹ்ரைனில் வெளிநாட்டுக்காரன் மீது வழக்கு என்றால் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஏஜெண்ட் துரையின் கோர்ட்டில்தான், அங்கே புரட்டியது நம் இந்தியத் தண்டனைச் சட்டம். 1913ல் லண்டனில் போட்ட உத்தரவு அது. நானூற்றி இருபது அங்கேயும் நானூற்றி இருபதுதான்.

---

தஞ்சை டீச்சர்

இரண்டு பேர் எழுதியதும் அருமை. ஆனால் போஸ்ட்மாஸ்டர் ஐயா, ஒரு வரி உறுத்துகிறது. 'நம்ம தபால் ஆபீஸ் இருக்கிற ஊர் என்ன வெளிநாடு' என்றீர்கள். பாரசீகக்காரர் ஒருவர் இந்த இழையைப் படித்தால் என்ன நினைப்பார்? நான் மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிறேன், பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்பேன்: ஆபீஸ் நம்முடையது, சரி, நிலம் யாருடையது?

பாரசீகம் ஒருநாளும் பிரிட்டிஷ் காலனியாக இருந்ததில்லை. தெஹ்ரானில் ஷா இருந்தார், 1906க்குப் பிறகு மஜ்லிஸ் என்ற நாடாளுமன்றமும் இருந்தது. அந்த நாட்டுக்குள் இன்னொரு நாட்டின் தபால் ஆபீஸ், தந்திக் கம்பி, காவல் சிப்பாய். 1907ல் பிரிட்டனும் ரஷ்யாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. பாரசீகத்தின் வடக்கு ரஷ்யாவின் செல்வாக்குக்கு, தென்கிழக்கு பிரிட்டனுக்கு, நடுப்பகுதி பொது. வீட்டுக்காரனைக் கேட்காமல் இரண்டு அண்டை வீட்டுக்காரர்கள் வேலி போட்ட கதை. மறு வருடம் மஸ்ஜித் சுலைமானில் எண்ணெய் பீறிட்டது, அது அந்தப் 'பொது' இடத்தில் இருந்தது!

அவர்களுக்கு எண்ணெய் முதலில் முக்கியம் இல்லை. இந்தியாவுக்கு வரும் வழியில் ரஷ்யனோ ஜெர்மானியனோ காலை ஊன்றிவிடக் கூடாது என்பதுதான் பழைய பயம். 1903 மே மாதம் வெளியுறவு அமைச்சர் லான்ஸ்டவுன் பிரபுக்கள் சபையில் வெளிப்படையாகவே சொன்னார்: வளைகுடாவில் வேறெந்த வல்லரசும் கடற்படைத் தளம் வைத்தால் முழு பலத்தோடும் எதிர்ப்போம் என்று. அந்த வருடக் கடைசியில் வைஸ்ராய் கர்சன் போர்க்கப்பல்கள் புடைசூழ வளைகுடாவைச் சுற்றி வந்தார், கோயில் தேர் நாலு வீதியும் சுற்றுவது போல. புஷைரில் மரியாதைத் தகராறு வந்து கரையிறங்காமலே திரும்பினார்.

ஆபதான் நிலத்துக்கு வருகிறேன். அந்த இடம் மொஹம்மரா ஷேக் கஸாலிடமிருந்து 1909ல் வாங்கிய குத்தகை. வருடத்துக்கு 650 பவுன். ஷாவைக் கேட்டு அல்ல, ஷேக்கோடு நேராகப் பேசி முடித்தவர் புஷைர் ரெசிடெண்ட் பெர்சி காக்ஸ். 1914ல் கடற்படை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்தபோது, சர்ச்சில் சொல்லி பிரிட்டிஷ் அரசே அந்தக் கம்பெனியின் பாதிக்கு மேற்பட்ட பங்கை வாங்கியது. எண்ணெய்க் குழாயைக் காக்க வேண்டுமே? அந்த அக்டோபரில் பம்பாயிலிருந்து இந்தியச் சிப்பாய்கள் கிளம்பினார்கள், பஹ்ரைனில் நங்கூரம் போட்டுக் காத்திருந்தார்கள், துருக்கியோடு போர் என்றதும் நவம்பர் 6ல் ஃபாவோவில் இறங்கினார்கள். அங்கே தொடங்கியதுதான் மெசபடோமிய (இன்றைய இராக்) போர். குட் என்ற ஊரில் 1916 ஏப்ரலில் ஏறத்தாழ 13,000 பேர் சரணடைந்து சிறைபோனார்கள், பெரும்பாலும் இந்தியர்கள்.

1915 ஆகஸ்டில் புஷைரையே பிடித்துக்கொண்டார்கள். பாரசீகத் தலைகள் மேல் 'பிரிட்டிஷ் ஆக்கிரமிப்பின் கீழ் புஷைர்' என்று அச்சுக் குத்தி விற்றார்கள், ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். அதை எதிர்த்த தங்கிஸ்தான்காரர் ரயீஸ் அலி தெல்வாரி அந்தச் செப்டம்பரில் செத்தார். ஈரானில் அவர் பெயர் நம் ஊரில் கட்டபொம்மன் பெயர் மாதிரி. அவரை எதிர்த்து நின்ற வரிசையில் இருந்தவர்கள் யார்? இந்தியச் சிப்பாய்கள். 1941 ஆகஸ்ட் 25 விடியலில் ஆபதானில் வந்து இறங்கியதும் 8வது இந்திய டிவிஷன்காரர்களே. ரிஸா ஷாவைப் பதவி இறக்கிக் கப்பலில் ஏற்றி, பம்பாய்க் கரை வரைக்கும் கொண்டுவந்து, இறங்க விடாமல் மொரீஷியசுக்கு அனுப்பினார்கள்.

செலவு யாருடையது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாரசீகத் தூதரகங்களின் செலவில் ஒரு பங்கு வெகுகாலம் இந்திய வருவாயிலிருந்து போனது. 1917ல் இந்திய அரசு பிரிட்டனின் போர்ச் செலவுக்கு 10 கோடி பவுனை 'அன்பளிப்பு' என்று எழுதிக் கொடுத்தது. இந்திய வருவாய் என்றால் என்ன, நம் ஆள் கட்டிய கிஸ்தி, அதாவது நிலவரி. குடமுருட்டித் தண்ணீரில் விளைந்த நெல்லை விற்றுக் கட்டியது. அந்தக் கிஸ்தி கட்ட முடியாமல்தான் தம்பியின் கொள்ளுத் தாத்தா போன்றவர்கள் கப்பலேறினார்கள்.

---

ஓய்வுபெற்ற தபால்காரன்

டீச்சர், அடி சரியான இடத்தில் விழுந்தது. அந்த வரியை அழிக்கவில்லை, இருக்கட்டும், உங்கள் பதிலோடு சேர்த்துப் படிக்கட்டும்.

இலாகாப் பாசம் கண்ணை மறைத்துவிட்டது. பாரசீக மண்ணிலிருந்த நம் தபால் ஆபீஸ்களை 1923ல் மூடினார்கள். பழைய தபால் புத்தகங்களில் அதை ஏதோ கிளை மூடிய சோகமாக நானும் படித்திருக்கிறேன். எங்கள் சப் ஆபீசை மூடியபோது அழுத மாதிரிதான் அதற்கும் நெஞ்சு கனத்தது. அந்த ஊர்க்காரன் அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருப்பான் என்று இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லை, பாருங்கள்.

புஷைர் அச்சுத் தலை பற்றிச் சொன்னீர்கள். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை இரண்டு மாதம்தான் புழக்கம், அதனால் விலை எக்கச்சக்கம், அதனாலேயே போலியும் எக்கச்சக்கம். எனக்கும் ஒன்றைத் தலையில் கட்டினார்கள். மெட்ராசில் ஒருவர், பெயர் வேண்டாம், ஒரு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு கொடுத்தார். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சின் கறுப்பு முத்திரை மைக்கு மேலே கிடக்கிறது. தபாலில் போய்வந்த தலைக்கு அப்புறமாக யாரோ வீட்டில் உட்கார்ந்து அச்சடித்திருக்கிறார்கள். என் வீட்டு அம்மாள் அதை இன்றும் 'உங்க பாரசீக ராஜ்ஜியம்' என்றுதான் சொல்வாள்.

பாயின் இசட் நோட்டைச் சட்டத்தோடு படம் எடுத்துப் போட முடியுமா?

---

குடமுருட்டிக்கரை

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

லேமினேட் செய்யவில்லை ஐயா. உறையின் பின்பக்கத்தை நீங்கள் சொன்னபடி வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். மை இல்லை, ஆனால் ஒரு வட்டப் பள்ளம் தெரிந்தது. உள்ளே ஆங்கிலத்தில் 'வலங்' வரைக்கும், கீழே 'மார்' என்றும் '21' என்றும். போனில் படம் எடுத்தால் ஒன்றும் விழவில்லை, கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது.

கிரயப் பத்திரம் துந்துபி வருஷம் ஐப்பசி, அதாவது 1922 அக்டோபர், நவம்பர். டீச்சர் சொன்ன கிஸ்தி விஷயமும் அதில் ஒரு மாதிரி இருக்கிறது. விற்றவர் பாக்கி கிஸ்திக்காக விற்பதாகவே எழுதியிருக்கிறார். 1922ல் கப்பலேற்றி அனுப்பியவர்களில் இவரும் ஒருவரா என்று பத்திரம் சொல்லாது. ஆனால் கையெழுத்து இவரே நேரில் போட்டது, ஆக அந்த ஐப்பசியில் ஊரில் இருந்திருக்கிறார்.

கடிதத்தை அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். தொண்ணூற்றி ஒன்று நடக்கிறது, காது மந்தம், நினைவு சுத்தம். 'ஆபதான்' என்று நான் உரக்கச் சொன்னதும், 'அதான் நம்ம வயலாச்சேடா' என்றார்.

அந்த மூன்று மாவை எங்கள் வீட்டில் 'ஆபத்தான் வயல்' என்பார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய பள்ளக்கால், பெருவெள்ளத்தில் இரண்டு முறை உடைப்பெடுத்து மணல் அடித்திருக்கிறது. அதனால்தான் அந்தப் பெயர் என்று நான் மட்டுமில்லை, அப்பாவும் நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அதில் சம்பா நடவு முடிந்து பதினைந்து நாள் ஆகிறது.